தாவிச் செல்லும் இலக்கங்கள்

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களை இன்றும் பார்க்கலாம். பழைய கார் என்றதும் எல்லோரும் அதன் வடிவத்தையும் பளபளப்பையும்தான் பார்ப்பார்கள். நான் இலக்கத் தகட்டைப் பார்க்கச் சொல்வேன். சிலவற்றில் ஈ.எல்., ஈ.என்., ஈ.வை., சீ.வை. என்று இரண்டு ஆங்கில எழுத்துகளும் அவற்றை அடுத்து நான்கு இலக்கங்களும் இருக்கும். இந்த எழுத்துகள் அகரவரிசையில் வரவில்லை. ஏ.ஏ., ஏ.பி. என்று தொடங்கியிருந்தால் எந்தக் கார் முந்தியது, எது பிந்தியது என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அந்தக் காலத்துப் பதிவாளர்கள் ‘சிலோன்’ என்ற நாட்டுப் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பொறுக்கி, அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தார்கள். விதி தெரியாதவருக்கு அந்த வரிசை வெறும் குழப்பம். விதி தெரிந்தவருக்கு அது தாளில் எழுதாத ஒரு பதிவேடு.

1957இல் அந்த எழுத்துகள் போய்ச் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. 1 ஸ்ரீ முடிய 2 ஸ்ரீ, அதன் பின் 3 ஸ்ரீ என்று வரிசை நேராக ஓடத் தொடங்கியது. கணக்குப் பார்ப்பவருக்கு இது முன்னையதைவிட ஒழுங்கான முறைதான். ஆனால் இலக்கத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து நிற்க வேண்டும் என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை, ஆட்சி தீர்மானிக்கிறது. தமிழரசுக் கட்சி அந்த எழுத்தை எதிர்த்து இயக்கம் நடத்தியது. 1958இல் பஸ் சேவை அரசுடைமையாகி, சிங்கள ஸ்ரீ பொறித்த பஸ்கள் வடக்குக்கு வந்தபோது, அந்த எழுத்தை அழித்துத் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. அந்த ஆண்டு மே மாதத்தில் கலவரம். ஒரு இலக்கத் தகட்டின் நடு எழுத்து ஒரு நாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது நம் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் தெரியும்.

பொருள்களில் பொறித்த இலக்கங்களைப் பற்றி எழுத உட்காரும்போது இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றியது. தொடர் இலக்கம் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு போவது என்று நினைக்கிறோம். பல வேளை அப்படி இல்லை. இலக்கம் ஒரு இடத்தில் தாவுகிறது, ஒரு இடத்தில் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது, ஒரு இடத்தில் எழுத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. ஒவ்வொரு தாவலுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் எடுத்த முடிவு இருக்கிறது. தாவல்களைப் படிக்கத் தெரிந்தால் அந்த முடிவையும் படிக்கலாம்.

இந்தப் படிப்புக்கு உலகத்திலேயே மிகச் சிக்கலான பாடப்புத்தகம் ஜேர்மனியின் பழைய இராணுவ, பொலிஸ் கைத்துப்பாக்கிகள். துவக்கைப் பற்றிப் பேசுவது நம் ஊரில் யாருக்கும் இலகுவான காரியமில்லை. ஆனாலும் அந்த இரும்புத் துண்டுகளில் பொறித்த சில இலக்கங்கள் இரண்டு உலகப் போர்களின் கதையை வைத்திருக்கின்றன. அவற்றிலிருந்து புள்ளியியலில் ஒரு அருமையான வழிக்கும் போகலாம்.

ஜேர்மன் தரைப்படை 1908இல் ஏற்றுக்கொண்ட லூகர் கைத்துப்பாக்கியிலிருந்து தொடங்குவோம். ‘பி.08’ என்பது அதன் படைப் பெயர். ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு லூகர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 4321 என்ற இலக்கம். இரண்டிலும் இலக்கத்தின் கீழ் சிறிய ‘ஏ’ எழுத்து. ஒன்று போலியா? இல்லை, இரண்டும் உண்மையானவை. ஒன்றின் மேற்புறத்தில் 1917 என்றும் மற்றதில் 1918 என்றும் பொறித்திருக்கும். ஒவ்வொரு ஆண்டும் இலக்கம் மறுபடியும் ஒன்றில் தொடங்கியது. பத்தாயிரம் வரை எழுத்து இல்லை. அதைத் தாண்டியதும் ‘ஏ’ சேர்த்து மீண்டும் ஒன்று. அந்தப் பத்தாயிரமும் முடிந்தால் ‘பி’. ஆகவே ஒரு லூகரை அடையாளம் காட்ட இலக்கம் மட்டும் போதாது. செய்தவர் பெயர், ஆண்டு, இலக்கம், எழுத்து நான்கும் வேண்டும். இவற்றில் ஒன்றை விட்டால் அடையாளம் பல துவக்குகளுக்குப் பொதுவாகிவிடும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? பெரிய இலக்கங்களைச் சிறிய உறுப்புகளில் பொறிக்க இடமில்லை. அந்தக் காலத்துக் கைத்துப்பாக்கியின் உறுப்புகள் இயந்திரத்தில் கடைந்தெடுத்த பின் ஒன்றோடொன்று கையால் பொருத்தப்பட்டவை. ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் சரியாக உட்காரும் என்ற உறுதி இல்லை. பாசறையில் பத்துச் சிப்பாய்கள் சேர்ந்திருந்து துவக்குகளைக் கழற்றித் துடைத்தால் உறுப்புகள் கலந்துபோகும். அதனால் சின்னச் சின்ன உறுப்பிலெல்லாம் இலக்கத்தின் கடைசி இரண்டு தானங்களைப் பொறித்தார்கள். 4321 என்றால் ஒவ்வொரு உறுப்பிலும் 21.

இங்கே ஒரு சிறிய நிகழ்தகவுக் கணக்கு இருக்கிறது. இரண்டு தானங்களில் 00 முதல் 99 வரை நூறு வாய்ப்புகள். எங்கிருந்தோ வந்த ஒரு மாற்று உறுப்பில் தற்செயலாக 21 இருக்க நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. இரண்டு மாற்று உறுப்புகளிலும் 21 அமைய பத்தாயிரத்தில் ஒன்று. மூன்றென்றால் பத்து இலட்சத்தில் ஒன்று. எனவே நாலைந்து உறுப்புகளைத் திருப்பிப் பார்த்தாலே அந்தத் துவக்கு தொழிற்சாலையை விட்டுப் போனபடி இருக்கிறதா, இடையில் எங்காவது திருத்தப்பட்டதா என்று சொல்லலாம். நூறு வாய்ப்பு மட்டும் தரும் ஒரு எளிய அடையாளம், பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும்போது கைரேகை போல உறுதியாகிவிடுகிறது.

ரவைக் கூட்டிலும் இலக்கம் உண்டு. படையினருக்குக் கொடுத்த துவக்கோடு இரண்டு கூடுகள் போகும். இரண்டிலும் துவக்கின் இலக்கம் இருக்கும். மேலதிகக் கூட்டில் மட்டும் அதோடு ஒரு கூட்டல் குறி இருக்கும். பொலிஸார் அந்த வழியைப் பின்பற்றாமல் 1, 2 என்று பொறித்தார்கள். ஒரே துவக்கு, ஒரே காலம், ஆனால் இரண்டு நிர்வாகங்களின் இரண்டு பழக்கங்கள். கூட்டின் அடிப்பாகத்தைப் பார்த்தே அது படைமுகாமில் இருந்ததா, பொலிஸ் நிலையத்தில் இருந்ததா என்று அறிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

முதலாம் உலகப் போர் முடிந்து வேர்சாய் ஒப்பந்தம் வந்ததும் இலக்கங்களின் குழப்பம் வேறு வகையாகிறது. ஜேர்மன் படை ஒரு இலட்சம் பேருக்கு மேல் போகக்கூடாது. படைக்குக் கைத்துப்பாக்கி செய்ய சூல் நகரத்துச் சிம்சன் என்ற ஒரே கம்பனிக்குத்தான் அனுமதி. போரிலிருந்து மீந்த பழைய துவக்குகளைத் திருத்தித்தான் படைக்கும் பொலிஸுக்கும் கொடுத்தார்கள். தனியார் கையில் இருந்த ஆயுதங்களிலிருந்து அரசு உடைமையைப் பிரித்துக் காட்ட அவற்றில் 1920 என்று பொறித்தார்கள். ஆகவே மேற்புறத்தில் 1917, அதற்கு மேலோ கீழோ 1920 என்று இரண்டு ஆண்டுகள் கொண்ட லூகர்கள் உண்டு. 1920 என்பதைச் செய்த ஆண்டென்று படித்தால் எல்லாக் கணக்கும் பிழைக்கும். அது ஆண்டு போலத் தோன்றும் ஒரு உடைமை முத்திரை மட்டுமே.

1930இல் லூகர் செய்யும் இயந்திரங்கள் பேர்லினிலிருந்து தெற்கே ஓபெர்ண்டோர்ஃப் ஊரின் மௌசர் தொழிற்சாலைக்குப் போயின. நான்கு ஆண்டுகளின் பின் அங்கிருந்து வந்த துவக்குகளில் செய்தவர் பெயர் மறைந்தது. பெயருக்குப் பதில் ‘எஸ்/42’ என்ற குறி. ஆண்டுக்குப் பதில் ‘கே’ என்ற ஒற்றை எழுத்து. அடுத்த ஆண்டு ‘ஜி’. கே என்றால் 1934, ஜி என்றால் 1935. ஆங்கில அகரவரிசையில் ஜி முந்தி, கே பிந்தி. இங்கே பின்னுக்கு வர வேண்டிய எழுத்து முன்னுக்கு வருகிறது. வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். ஒப்பந்தத்தை மீறித் துவக்கு செய்கிறார்கள், அதை வெளிநாட்டார் எண்ணிவிடக் கூடாது. பெயரும் ஆண்டும் தெரியாவிட்டால் எத்தனை செய்தார்கள் என்று எப்படி எண்ணுவது? 1935 மார்ச்சில் ஹிட்லர் படைப் பெருக்கத்தை உலகறிய அறிவித்த பின் இந்த மறைப்புக்குத் தேவை இல்லாமல் போனது. 1936 முதல் ஆண்டு மறுபடியும் நான்கு இலக்கங்களில் வெளிப்படையாக வருகிறது. ஒரு சர்வாதிகாரம் எப்போது ஒளித்தது, எப்போது ஒளிப்பதை நிறுத்தியது என்பது சில மில்லிமீட்டர் உயரமான எழுத்துகளில் தங்கியிருக்கிறது.

பின்னர் போருக்குள் இன்னொரு தொகுதிக் குறிகள் வந்தன. மௌசருக்கு ‘பி-வை-எஃப்’, வால்தருக்கு ‘ஏ-சி’, ஸ்பிறீவேர்க்குக்கு ‘சி-வை-கியூ’. இவற்றை விரித்துக்கொண்டு போக இடமில்லை. ஆனால் வால்தர் கம்பனியின் பொலிஸ் கைத்துப்பாக்கியைச் சொல்லாமல் விட முடியாது. ஏனென்றால் தாவல் என்றால் என்ன என்று காட்ட அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

‘பிபி’ என்று பெயரிட்ட அந்தக் கைத்துப்பாக்கி 1929இல் விற்பனைக்கு வந்தது. அதன் முதல் துவக்குகளின் இலக்கங்கள் ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. ஏழு இலட்சத்து ஐம்பதினாயிரத்திலிருந்து தொடங்கின! வால்தர் அதற்கு முன் ஏழரை இலட்சம் பிபி செய்யவில்லை. அது ஒரு தொடக்கப் புள்ளி, எண்ணிக்கை அல்ல. பிபியும் அதன் சிறிய வடிவமான பிபிகேயும் அந்த வரிசையில் ஏறி ஏறிப் போரின் வாசலில் பத்து இலட்சத்தைத் தொட்டன. ஏழாவது தானத்தைப் பொறிக்க அவர்கள் விரும்பவில்லை. வரிசையைப் பின்னுக்கு இழுத்து ஒரு இலட்சத்திலிருந்து தொடங்கி, பிபியின் இலக்கத்துக்குப் பின் ‘பி’ என்றும் பிபிகேயின் இலக்கத்துக்குப் பின் ‘கே’ என்றும் சேர்த்தார்கள். விதி தெரியாத ஒருவர் 9,50,000 என்று பொறித்ததையும் 1,50,000 பி என்று பொறித்ததையும் பக்கத்தில் வைத்தால், சிறிய இலக்கம்தான் பழையது என்று சத்தியம் செய்வார். உண்மையில் அதுதான் புதியது.

பொலிஸ் துவக்குகளின் புதிரும் இதே வரிசைக்குள் இருக்கிறது. பொலிஸுக்கென்று தனி இலக்க வரிசை எப்போதும் இருந்ததில்லை. கடையில் விற்கும் துவக்குகள் போய்க்கொண்டிருக்கும் அதே வரிசையில், பொலிஸ் கட்டளை வரும்போது ஒரு தொகுதியைப் பிரித்தெடுத்து, கழுகு முத்திரையும் பக்கத்தில் ஒரு எழுத்தும் பொறித்து அனுப்பினார்கள். அதனால் பொலிஸ் துவக்குகளின் இலக்கங்களை மட்டும் ஒரு தாளில் எழுதினால் திட்டுத் திட்டாக வரும். சில நூறு தொடர்ந்து, பிறகு பெரிய இடைவெளி, மறுபடி ஒரு திட்டு. இடையில் உள்ளவை காணாமல் போகவில்லை, பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. இடைவெளி என்பது வெறுமை என்று நினைக்கிறவர் இந்த இடத்தில் ஏமாறுவார்.

மௌசரின் ‘எச்எஸ்சி’ கைத்துப்பாக்கி ஏழு இலட்சத்தில் தொடங்கியதற்குக் காரணம் வேறு. அதற்கு முந்திய மாதிரியின் வரிசை ஆறு இலட்சத்துச் சொச்சத்தில் நின்றது. புதியதற்கு ஒரு முழு எண்ணிலிருந்து தொடக்கம் கொடுத்தார்கள். இதற்கு நேர்மாறு, முதலாம் போரில் மௌசர் செய்த ‘சிவப்பு ஒன்பது’. பழைய சி96 துவக்கை 9 மில்லிமீட்டர் ரவைக்கு மாற்றி ஒன்றரை இலட்சம் செய்து தரும்படி 1916இல் படை கேட்டது. சிப்பாய் பிழையான ரவையைப் போடாமல் இருக்கப் பிடியின் மரத்தில் 9 என்று செதுக்கிச் சிவப்பு வர்ணம் பூசினார்கள். அந்த ஒப்பந்தத்துக்கு மட்டும் இலக்கம் ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்கியது. ஆகவே முன்னர் செய்த பல துவக்குகளைவிடச் சிறிய இலக்கம், பின்னர் செய்த இவற்றில் இருக்கிறது. பின்னர் ஹிட்லர் காலத்து ஜேர்மன் வான்படைக்காகக் கிறீக்ஹோஃப் கம்பனி செய்த பத்தாயிரம் லூகர்களுக்கும் இப்படித் தனி வரிசைதான்.

இனி, இந்த இலக்கங்களிலிருந்து அறிவியல் என்ன எடுத்துக்கொண்டது என்பதற்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளுக்கு ஒரு பெரிய கேள்வி: ஜேர்மனி மாதம் எத்தனை டாங்கிகள் செய்கிறது? ஒற்றர்கள் சொன்ன கணக்கு ஒரு பக்கம். 1943 தொடக்கத்தில் லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் பொருளாதாரப் போர்ப் பிரிவினர் இன்னொரு வழியை எடுத்தார்கள். கைப்பற்றிய டாங்கிகளின் தொடர் இலக்கங்களைப் பட்டியலிட்டு, மொத்தம் எத்தனை இருக்க வேண்டும் என்று கணித்தார்கள். இந்தக் கணக்கு இன்று பல்கலைக்கழகப் புள்ளியியல் பாடங்களில் ‘ஜேர்மன் டாங்கிப் பிரச்சினை’ என்ற பெயரில் இருக்கிறது.

கணக்கு மிக எளிது. ஒரு தொழிற்சாலை ஒன்றிலிருந்து வரிசையாக இலக்கம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கையில் ஐந்து மட்டும் கிடைத்தன: 14, 30, 37, 58, 75. மொத்தம் எத்தனை செய்திருப்பார்கள்? குறைந்தது 75. ஆனால் மிகப் பெரிய இலக்கமே எங்கள் கையில் அகப்பட்டிருக்கும் என்று நம்புவது பேராசை. எவ்வளவு மேலே போகலாம்? 75 வரையுள்ள இலக்கங்களில் நாம் கண்டது ஐந்து, காணாதது எழுபது. இந்த எழுபதும் ஐந்து இடைவெளிகளில் பரவியிருக்கின்றன, ஒரு இடைவெளிக்குச் சராசரி பதினான்கு. கீழே இடைவெளி சராசரியாகப் பதினான்கு என்றால் 75க்கு மேலும் அப்படியொரு இடைவெளி இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். 75உடன் 14ஐக் கூட்டினால் 89. சூத்திரமாகச் சொன்னால்: மிகப் பெரிய இலக்கத்தை மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதை மிகப் பெரிய இலக்கத்துடன் கூட்டி, ஒன்றைக் கழிக்க வேண்டும். 75க்கு 15 சேர்த்து ஒன்று குறைத்தாலும் அதே 89. மாதிரி கூடக் கூடப் பிழை சுருங்கும். பிழையின் அளவு, மொத்தத்தை மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதற்குக் கிட்டத்தட்ட இருக்கும்.

போர் முடிந்ததும் ஜேர்மன் ஆவணங்கள் கிடைத்தன. அவற்றோடு ஒப்பிட்ட முடிவுகளை றிச்சர்ட் றகிள்ஸ், ஹென்றி புறொடி என்ற இருவர் 1947இல் வெளியிட்டார்கள். 1940 ஜூனில் மாதம் 1000 டாங்கிகள் என்றது ஒற்றர் கணக்கு. இலக்கக் கணக்கு 169 என்றது. ஆவணத்தில் இருந்தது 122. 1941 ஜூனில் ஒற்றர் கணக்கு 1550, இலக்கக் கணக்கு 244, ஆவணம் 271. 1942 ஓகஸ்டில் ஒற்றர் கணக்கு மறுபடியும் 1550, இலக்கக் கணக்கு 327, ஆவணம் 342. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. உயிரைப் பணயம் வைத்து எதிரி நாட்டுக்குள் போனவர்களின் கணக்கு உண்மையைவிட நான்கு மடங்குக்கும் மேலாகப் பிழைத்தது. உடைந்த இரும்பில் இருந்த இலக்கங்களைப் பொறுமையாகப் பிரதி எடுத்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான பிழையோடு இரண்டு முறை உண்மைக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள்.

ஆனால் சூத்திரம் ஒரு நிபந்தனையோடுதான் வேலை செய்யும். வரிசை ஒன்றில் தொடங்க வேண்டும், இடையில் தாவக் கூடாது, திரும்பவும் தொடங்கக் கூடாது. வால்தர் பிபியின் இலக்கங்களை அப்படியே இந்தச் சூத்திரத்தில் போட்டால் இல்லாத ஏழரை இலட்சம் துவக்குகள் கணக்கில் முளைத்துவிடும். லூகரில் எழுத்தை விட்டு இலக்கத்தை மட்டும் எடுத்தால் எத்தனை ஆயிரம் பார்த்தாலும் விடை பத்தாயிரத்தைத் தாண்டாது. எழுத்தையும் சேர்த்துப் படித்தால் வழி திறக்கும். ஓர் ஆண்டில் ‘சி’ எழுத்து வரை கண்டோம் என்றால் எழுத்தில்லாத பத்தாயிரம், ஏ, பி, சி என நான்கு தொகுதிகள்; நாற்பதினாயிரத்துக்குப் பக்கத்தில் என்று சொல்லலாம். ஆகவே கணிதம் இரண்டாவது வேலை. முதல் வேலை இலக்கம் போட்டவனின் மனத்தைப் படிப்பது.

லண்டனில் இருந்தவர்களும் அந்த முதல் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். டாங்கியில் பல இடங்களில் இலக்கம் இருந்தது. அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் இருந்தவை தாவித் தாவிப் போனதால் அவற்றைப் பயன்படுத்துவது சிக்கலாக இருந்தது. கியர்ப்பெட்டியின் இலக்கங்களோ முறிவில்லாத இரண்டு வரிசைகளாக ஓடின. அதனால் கியர்ப்பெட்டியே அவர்களுக்கு முதன்மைச் சாட்சி. பின்னர் ‘பாந்தர்’ டாங்கியின் சில்லுகளில் இருந்த இறப்பரில் அச்சின் இலக்கம் பதிந்திருப்பதைக் கண்டார்கள். ஒரு அச்சு ஒரு மாதத்தில் எத்தனை வார்க்கும் என்பதை உற்பத்தியாளர்களிடம் கேட்டறிந்து, இரண்டே இரண்டு டாங்கிகளின் சில்லுகளிலிருந்து 1944 பெப்ரவரியின் உற்பத்தி 270 என்று கணித்தார்கள். ஆவணத்தில் இருந்தது 276.

இலக்கத்தை அரம் கொண்டு அழித்துவிட்டால்? திருடர்களும் கடத்தல்காரர்களும் செய்வது அதைத்தான். ஆனால் உருக்கில் இலக்கத்தை அடிக்கும்போது மேற்பரப்பு மட்டும் பள்ளமாவதில்லை. அச்சின் கீழே உலோகத்தின் பளிங்கு அடுக்குகள் நசுங்கி நெரிகின்றன. அந்த நெரிசல் கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தைவிட ஆழமாகப் போகிறது. மேலே உள்ளதைத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கினாலும் நெரிந்த பகுதி அடியில் மிஞ்சும். அங்கே உலோகம் அமிலத்தோடு சேர்ந்து அரிபடும் வேகம் வேறு, நெரியாத இடத்தில் வேறு. செப்புக் குளோரைட்டும் ஐதரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசலை மெதுவாகத் தடவினால் மறைந்த இலக்கம் மெல்லிய நிழலாக மேலே வரும், சில நிமிடங்கள் நின்றுவிட்டு மறுபடி மங்கும். தடயவியல் ஆய்வுகூடங்கள் அந்த நேரத்துக்குள் படம் எடுத்துவிடும். உருக்கு தன் மேல் விழுந்த அடியை மறப்பதில்லை.

இவ்வளவையும் யாழ்ப்பாணத்து வாசகருக்கு ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வீடுகளிலும் இதே வகை இலக்கங்கள் வாசிக்கப்படாமல் கிடக்கின்றன. மிதித்துத் தைக்கும் சிங்கர் மெசினைப் பாருங்கள். சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். நம் பக்கத்து வீடுகளில் இருக்கும் பழைய மெசின்களில் பல ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் நகரத்துக் கில்போவி தொழிற்சாலையில் செய்தவை. 15கே, 66கே, 201கே என்ற மாதிரிப் பெயர்களின் கடைசியில் நிற்கும் ‘கே’ அந்தக் கில்போவியைத்தான் குறிக்கிறது. 1885இல் திறந்த அந்தத் தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். மெசின் மட்டும் இங்கே இன்னமும் ஓடுகிறது.

மெசினின் பலகைத் தளத்தில், வலது பக்கத் தூணின் அடியில், ஒரு எழுத்தும் இலக்கமும் இருக்கும். கிளைட்பேங்க் மெசினில் ஒரு காலம் ‘ஜே’, பின் ‘எஃப்’, அதன் பின் ‘வை’. ஒற்றை எழுத்துகள் தீர்ந்ததும் ‘ஈ.ஏ.’, ‘ஈ.பி.’, ‘ஈ.சி.’ என்று இரட்டை எழுத்துகள். எஃப் முந்தி, வை பிந்தி, ஈ அதற்கும் பிந்தி. பேர்லினுக்கும் கிளைட்பேங்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் இலக்கம் பெருத்து இடம் போதாமல் எழுத்தைத் துணைக்குக் கூப்பிட வேண்டிய நெருக்கடி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. சிங்கர் ஒவ்வொரு மெசினையும் செய்து முடித்ததும் அடுத்த இலக்கத்தைப் போடவில்லை. ஆயிரக்கணக்கில் ஒரு தொகுதி இலக்கங்களை ஒரு மாதிரிக்கு முன்கூட்டியே ஒதுக்கினார்கள். பதிவேட்டில் உள்ள திகதி ஒதுக்கிய திகதி. மெசின் அதன் பிறகு, சில வேளை நன்றாகப் பிந்தி, செய்யப்பட்டிருக்கும். அடுத்தடுத்த இலக்கம் கொண்ட இரண்டு மெசின்கள் ஒரே நாளில் பிறந்தவை என்று சொல்ல முடியாது.

இந்த இலக்கங்களை எழுதி வைக்க வேண்டிய தேவை எங்களுக்கு மற்ற ஊர்களைவிடக் கூட. 1981 ஜூன் முதலாம் திகதி யாழ் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் கிளம்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, வீட்டு உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்த பலர் மெசின் வாங்கிய துண்டையும் சைக்கிள் வாங்கிய பற்றுச்சீட்டையும் எடுக்கவில்லை. யார் எடுத்திருப்பார்? காகிதம் போய்விட்டது. இரும்பில் பொறித்தது மட்டும் இருக்கிறது. எந்த ஆண்டுகளில் எத்தனை மெசின்கள், எந்த ஊர்களுக்கு வந்தன, அவற்றை வைத்து எத்தனை பெண்கள் குடும்பம் நடத்தியிருப்பார்கள் என்பதற்கு இனி அந்த எழுத்தும் இலக்கமும்தான் கிட்டத்தட்ட ஒரே சாட்சி. இது தூசியில் கிடக்கும் வரலாறு அல்ல. ஒரு பள்ளிக்கூடத்து உயர்தர மாணவர்கள் தங்கள் ஊரில் நூறு மெசின்களின் இலக்கங்களைச் சேர்த்தால், யாழ்ப்பாணத்துக்குத் தையல் மெசின் எப்போது அலையாக வந்தது என்று ஒரு வரைபடம் கிடைத்துவிடும். புள்ளியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியவில்லை.

சேர்க்கிறவர்களுக்குச் சில விடயங்கள். முதலில் எழுத்தைக் குறியுங்கள், பிறகு இலக்கத்தை. எஃப்பில் ஒரு இலக்கமும் வையில் அதே இலக்கமும் இருந்தால் இடையில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நிற்கும். எழுத்து அழிந்திருந்தால் ஊகித்து நிரப்பாமல் கேள்விக்குறி போடுங்கள். அழுக்கை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைக்கலாம், அரத்தாளால் தேய்க்கக் கூடாது. ரோர்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் மங்கிய பொறிப்பிலும் நிழல் விழுந்து இலக்கம் தெரியும். மெசினின் தலையையும் கால்மேடையையும் தனித்தனியே படம் எடுங்கள், ஏனென்றால் ஒன்றின் தலை இன்னொன்றின் காலில் ஏறிய மெசின்கள் போருக்குப் பின் ஏராளம். அப்படிக் கலந்தவற்றைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். எந்த ஊரில், யார் வீட்டில் கலந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள்.